எண்ண முடிந்த முட்டையும் எண்ண முடியாத சிமெண்ட்டும்

மதுரை மாவட்டம் பேரையூரைச் சுற்றியுள்ள கரிசல் கிராமம் ஒன்றில், 90 பிள்ளைகள் படிக்கும் அரசுத் தொடக்கப்பள்ளி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் விதிப்படி அந்தப் பள்ளிக்கு ஆண்டு மானியம் 25,000 ரூபாய். ஆண்டுக்கு 220 வேலைநாள் என்று கணக்கிட்டால், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 114 ரூபாய். சாக்பீஸ், பதிவேடு, குழாய்க்கு வாஷர், கழிவறைக்குப் பினாயில், கரும்பலகைக்குப் பெயிண்ட், எரிந்துபோன டியூப்லைட் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அதிலும் பத்தில் ஒரு பங்காவது, அதாவது 2,500 ரூபாய், தூய்மைப் பணிக்கென்று போயாக வேண்டும்.

இந்த மானியத்தைப் பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்துப் படிப்படியாக வகுத்திருக்கிறார்கள். 30 பேர் வரை 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை 25,000. அதற்கு மேல் 250 வரை 50,000. 1,000 வரை 75,000. ஆயிரத்தைத் தாண்டினால் ஒரு லட்சம். முப்பது பேர் படிக்கும் பள்ளியில் இன்னும் ஒரே ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்தால் பள்ளிக்கு 15,000 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும். பக்கத்து டவுன் ஆங்கிலப் பள்ளியின் வேனில் பிள்ளையை ஏற்றிவிடும் ஒரு வீட்டுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருந்தால், அந்த ஊரில் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

தமிழ்நாட்டில் பள்ளிக் கல்விக்கு 2025-26 நிதிநிலை அறிக்கையில் ஒதுக்கப்பட்ட தொகை 46,767 கோடி ரூபாய். அதில் பெரும்பகுதி ஆசிரியர் சம்பளம். கருவூலம் வழியாகப் போவது. அதன் மேல் பெற்றோரின் பார்வை படுவதற்கு வழியே இல்லை. அவர்கள் கண்ணுக்கு எட்டும் பணம் இந்த இருபத்தைந்தாயிரமும், எப்போதாவது வரும் கட்டடப் பழுதுபார்ப்புத் தொகையும், சத்துணவும், காலை உணவும்தான். இந்தச் சிறு பணத்தையாவது பெற்றோர் பார்க்கிறார்களா, பார்த்தால் அதில் ஏதாவது மாறுகிறதா என்பதை உலகத்தில் பல இடங்களில் சோதனை வைத்தே பார்த்திருக்கிறார்கள். கிடைத்த விடைகள் நாம் நினைப்பது போல இல்லை.

முதலில் சட்டம். 2009-ல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் ஒரு பள்ளி மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. உறுப்பினர்களில் முக்கால் பங்குப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்கள் விகிதப்படி இடம். குழுவின் வேலைகளில் ஒன்று, அரசிடமிருந்தோ உள்ளாட்சியிடமிருந்தோ ‘வேறு எந்த வழியிலிருந்தோ’ வரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது.

அந்தக் கடைசிச் சொற்கள் தமிழ்நாட்டுக்கு மிகவும் முக்கியம். இங்கே ஊர்க்காரர்கள் பள்ளிக்குக் கொடுத்துப் பழகியவர்கள். 1956-ல் காமராஜர் மதிய உணவைத் தொடங்கியபோது அதில் ஊர்க்காரர்கள் கொடுத்த அரிசியும் பருப்பும் இருந்தன. இன்றைக்கும் நாற்காலி முதல் தாம்பாளத் தட்டில் வைத்த நோட்டுப் புத்தகம் வரை எடுத்துக்கொண்டு, மேளதாளத்தோடு ஊர்வலமாகப் போய்க் ‘கல்விச் சீர்’ கொடுக்கிறார்கள். மதுரை கொடிக்குளத்தில் ஆயி பூரணம் அம்மாள் தன் மகளின் நினைவாக ஒரு ஏக்கர் 52 சென்ட் நிலத்தைப் பள்ளிக்கு எழுதிக் கொடுத்தது 2024 ஜனவரியில். கொடுப்பதில் நம் ஊர்கள் சளைத்தவையல்ல. ஆனால் கொடுத்த பிறகு கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவு என்ற கூச்சம் நமக்கு உண்டு. அந்தக் கூச்சத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. பரிசாக வந்த நாற்காலியையும் இருப்புப் பதிவேட்டில் பார்க்கும் உரிமை குழுவுக்கு இருக்கிறது.

பல ஆண்டுகள் இந்தக் குழுக்கள் காகிதத்தில் கிடந்தன. தலைமையாசிரியர் நீட்டிய பக்கத்தில் தெரிந்த நாலு பெற்றோர் கையெழுத்துப் போட்டால் கூட்டம் முடிந்தது. 2022 மார்ச் 20 ஞாயிற்றுக்கிழமையன்று மாநிலம் முழுக்க அரசுப் பள்ளிகளில் பெற்றோரை வரவழைத்துக் கூட்டம் நடத்தியது அரசு. அதைத் தொடர்ந்து 20 பேர் கொண்ட குழுக்கள் புதிதாக அமைந்தன. தலைவர் ஒரு பெற்றோர். 2024-ல் மீண்டும் குழுக்களை மாற்றி அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள். தீர்மானங்களைச் செல்போன் செயலியில் ஏற்றும் முறையும் வந்தது. ஏட்டளவில் கிடந்த ஒன்று எழுந்து உட்கார்ந்தது என்று சொல்லலாம். இனி நடக்குமா என்பதற்குத்தான் வெளியூர்ச் சோதனைகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆப்பிரிக்காவில் உகாண்டா. 1990-களின் தொடக்கத்தில் அங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் இவ்வளவு என்று மத்திய அரசு தொடக்கப்பள்ளிகளுக்குப் பணம் ஒதுக்கியது. ரித்வா ரெய்னிக்கா, யாக்கோப் ஸ்வென்சன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் தலைநகரில் கொடுத்த தொகையையும் பள்ளிகளில் வாங்கிய தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். 1991 முதல் 1995 வரை பள்ளிக்கு வந்து சேர்ந்தது சராசரியாக நூற்றுக்கு 13 பங்கு. மீதி நடுவிலேயே, மாவட்ட அளவிலேயே, கரைந்துவிட்டது. பெரும்பாலான பள்ளிகளுக்கு ஒரு காசுகூட வரவில்லை. தங்களுக்கு இவ்வளவு வர வேண்டும் என்பதே பள்ளிகளுக்குத் தெரியாது.

விஷயம் வெளியானதும், எந்த மாவட்டத்துக்கு எந்த மாதம் எவ்வளவு அனுப்பினோம் என்பதை அரசு செய்தித்தாளில் அச்சிட ஆரம்பித்தது. பள்ளிச் சுவரிலும் எழுதிப் போடச் சொன்னது. 2001 வாக்கில் பள்ளிக்குச் சேரும் பங்கு நூற்றுக்கு எண்பதைத் தொட்டது. செய்தித்தாள் எளிதில் கிடைக்கும் இடத்தில் இருந்த பள்ளிகள் கூடுதலாகப் பெற்றன. அதே காலத்தில் அங்கே வேறு நிர்வாகச் சீர்திருத்தங்களும் நடந்தன, எல்லாப் பெருமையையும் செய்தித்தாளுக்குக் கொடுக்கக் கூடாது என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் சொன்னார்கள். நியாயமான பேச்சு. ஆனாலும் தனக்கு எவ்வளவு வர வேண்டும் என்று தெரியாதவர் ‘குறைகிறது’ என்று எப்படிச் சொல்வார்? அந்த இடத்தில் உகாண்டாவின் பாடம் அசையாமல் நிற்கிறது.

அப்படியானால் பெற்றோரிடம் தகவலைக் கொடுத்தால் போதுமா? இல்லை என்றது உத்தரப் பிரதேசம். ஜான்பூர் மாவட்டத்தில் 280 கிராமங்களில் பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் ருக்மிணி பானர்ஜி ஆகியோர் அடங்கிய குழு ஒரு சோதனை நடத்தி 2010-ல் முடிவை வெளியிட்டது. அந்த ஊர்களில் கிராமக் கல்விக் குழு என்று ஒன்று ஏற்கெனவே இருந்தது. அப்படி ஒரு குழு இருப்பதே பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட பெற்றோருக்குத் தெரியவில்லை. உறுப்பினராக இருப்பவர்களிலேயே சிலருக்குத் தாங்கள் உறுப்பினர் என்று தெரியவில்லை. ஆய்வாளர்கள் ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள், குழுவின் அதிகாரங்களை விளக்கினார்கள், பிள்ளைகள் எவ்வளவு வாசிக்கிறார்கள் என்று ஊர்க்காரர்களையே சோதித்துப் பார்க்க வைத்தார்கள். குழு விழிக்கவில்லை. ஆசிரியர் வருகை மாறவில்லை. பள்ளிப் படிப்பும் மாறவில்லை. ஒன்றுதான் பலித்தது: ஊர் இளைஞர்களுக்கு வாசிப்புச் சொல்லித்தரப் பயிற்சி கொடுத்த கிராமங்களில் அவர்கள் தாமாகவே வகுப்பு எடுத்தார்கள்; எழுத்துத் தெரியாமல் அங்கே போய் உட்கார்ந்த பிள்ளைகள் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டன. கையில் ஒரு வேலை இருந்தபோது மக்கள் செய்தார்கள். அமைப்பைத் தட்டிக் கேட்கச் சொன்னபோது ஒதுங்கிக்கொண்டார்கள்.

இதை மக்களின் அலட்சியம் என்று எழுதிவிட்டுப் போவது எளிது. நான் அதை ஏற்கவில்லை. தட்டிக் கேட்பதற்கு ஆகும் செலவு என்ன, அந்தச் செலவை யார் சுமப்பது என்பதைப் பார்க்க வேண்டும். அதை மண்ணைத் தோண்டியே காட்டியவர் பெஞ்சமின் ஓல்கன் என்ற பொருளியலாளர்.

இந்தோனேசியாவில் ஜாவா தீவு. 608 கிராமங்களில் அரசுப் பணத்தில் ஊர்ச்சாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஓல்கனின் குழு வேலை முடியும்வரை காத்திருந்தது. பிறகு பொறியாளர்கள் போய்ச் சாலையைத் தோண்டினார்கள். கல் எத்தனை கனம், மணல் எவ்வளவு, சரளை எவ்வளவு என்று அளந்தார்கள். பக்கத்து ஊர்க் கடைகளிலும் கல் குவாரிகளிலும் விலை விசாரித்தார்கள். எத்தனை ஆள், எத்தனை நாள் வேலை பார்த்தார்கள் என்று ஊரில் கேட்டார்கள். போடும்போது இயல்பாகவே எவ்வளவு பொருள் சிந்திச் சிதறும் என்று தெரிய வேண்டுமே. அதற்காகச் சிறு சோதனைச் சாலைகளைத் தாங்களே போட்டுப் பார்த்தார்கள். கணக்குப் புத்தகத்தில் எழுதியிருந்ததிலிருந்து மண்ணுக்கு அடியில் இருந்ததைக் கழித்தால் மிஞ்சுவது காணாமல் போன பணம். சராசரியாக நூற்றுக்கு 24 பங்கு. ஊழலை வதந்தியாக விடாமல் எடைபோட்டுப் பார்த்த வேலை இது. அந்த ஆய்வைப் படித்தபோது எனக்குப் பெரிய வியப்பு, இவ்வளவு எளிய கருவிகளால் இது முடிந்ததே என்பதுதான். மண்வெட்டி, அளவுகோல், தராசு.

அந்தக் கிராமங்களில் சிலவற்றுக்கு, ‘உங்கள் கணக்கை அரசுத் தணிக்கையாளர் கட்டாயம் பார்ப்பார்’ என்று முன்னதாகவே சொல்லியிருந்தார்கள். மற்ற ஊர்களில் அந்த வாய்ப்பு நூற்றுக்கு நாலுதான். தணிக்கை உறுதி என்ற ஊர்களில் காணாமல் போவது எட்டுப் புள்ளி குறைந்தது. இன்னொரு சோதனையாகச் சில ஊர்களில் மக்களை நூற்றுக்கணக்கில் கணக்குக் கூட்டத்துக்கு அழைத்தார்கள். மக்கள் வந்தார்கள், பேசினார்கள். மொத்தத் திருட்டில் அதனால் பெரிதாக ஒன்றும் குறையவில்லை. ஆனால் உடைத்துப் பார்த்தபோது ஓர் ஆச்சரியம் வெளிப்பட்டது: கூலியில் நடந்த திருட்டு குறைந்திருந்தது. கல்லிலும் மணலிலும் நடந்தது அப்படியே இருந்தது.

காரணம் மனிதர்கள் எல்லாருக்கும் பொதுவானது. என் கூலி குறைந்தால் அன்று சாயந்தரமே எனக்குத் தெரியும். நஷ்டம் முழுக்க என்னுடையது. நான் சத்தம் போடுவேன். சாலையில் இரண்டு விரல்கடை மணல் குறைந்தால் நஷ்டம் ஊருக்கெல்லாம் பிரிந்துபோகிறது. அது கண்ணுக்கும் தெரியாது. அதற்காக ஊர்ப் பெரியவரைப் பகைத்துக்கொள்ளும் செலவு மட்டும் கேட்டவன் ஒருவன் தலையில் விழும்.

இதை அப்படியே பேரையூர்ப் பக்கத்துப் பள்ளிக்குக் கொண்டுவரலாம். சத்துணவில் வாரத்துக்கு ஐந்து நாள் முட்டை. ஒரு நாள் போடவில்லை என்றால் நாலரை மணிக்குப் பிள்ளை வீட்டுக்கு வந்து புத்தகப் பையை இறக்கும்போதே அம்மாவுக்குச் செய்தி கிடைத்துவிடும். 2022 செப்டம்பர் 15-ல் மதுரை நெல்பேட்டையில் ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய காலை உணவும் அப்படித்தான். உப்புமா குழைந்ததா, சாம்பார் தண்ணியாக இருந்ததா என்று தினமும் வீட்டுக்கு வீடு தணிக்கை நடக்கிறது. தணிக்கையாளருக்கு வயது ஆறு. சமைப்பது அதே ஊர் மகளிர் குழுப் பெண் என்பதால் குறையை நேரிலேயே சொல்லிவிடலாம். பிள்ளையின் தட்டு பெற்றோர் கண்ணை விட்டு மறைவதில்லை.

கழிவறைச் சுவர் அப்படியல்ல. பூச்சில் சிமெண்ட் எவ்வளவு, மணல் எவ்வளவு என்று எந்தப் பிள்ளையும் வந்து சொல்லாது. இரண்டு மழைக்குப் பிறகு சுவர் உதிரும்போது அந்தக் கான்ட்ராக்டரும் இருக்கமாட்டார், கையெழுத்துப் போட்ட தலைமையாசிரியரும் மாறுதலில் போயிருப்பார்.

ஆனால் ஜாவாவில் பொறியாளர்களை அழைத்துவர வேண்டியிருந்த இடத்தில், நம் ஊர்களில் பெற்றோருக்குள்ளேயே அந்த ஆட்கள் இருக்கிறார்கள் என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எந்தக் கிராமப் பள்ளியிலும் ஒரு பிள்ளையின் அப்பா கொத்தனார். இன்னொரு பிள்ளையின் சித்தப்பா பெயிண்டர். ஒருவர் எலக்ட்ரீஷியன், ஒருவர் போர் மோட்டார் கழற்றி மாட்டுபவர். சித்தாள் வேலைக்குப் போகும் அம்மாவுக்குக் கலவை பார்த்தாலே தெரியும். நகத்தால் பூச்சைச் சுரண்டிப் பார்த்தே அந்தக் கொத்தனார் சொல்லிவிடுவார். பள்ளிக் கூட்டத்தில் இவர்களைக் கடைசி வரிசையில் உட்கார வைத்து அறிவுரை சொல்கிறோம். அவர்களை எழுப்பி, ‘அண்ணே, இந்த பில்லைக் கொஞ்சம் பாருங்க’ என்று கேட்பதே இல்லை.

ஒரு பில்லை எப்படிப் பார்ப்பது? ஒரு வகுப்பறைக்கு வெள்ளையடித்ததாக வைத்துக்கொள்வோம். அறை 20 அடிக்கு 20 அடி, உயரம் 10 அடி. நான்கு சுவரும் சேர்ந்து 800 சதுர அடி. கதவு, ஜன்னல், கரும்பலகையைக் கழித்தால் இன்னும் குறையும். பில்லில் 1,400 சதுர அடி என்று இருந்தால், மேல்தளத்தின் உட்புறம் 400 சதுர அடியைச் சேர்த்தாலும் 1,200-ஐத் தாண்டாது. மீதி எங்கே என்று கேட்கலாம். பதில் நேர்மையானதாகவே இருக்கலாம்: வராண்டாவையும் சேர்த்து அடித்திருப்பார்கள். அப்படியானால் வராண்டாவையும் ஒரு டேப்பால் அளந்துவிட்டு அதைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதிக்கொள்ளலாம். ரொக்கப் பதிவேட்டில் உள்ள வரி, அதற்கான வவுச்சர், இருப்புப் பதிவேட்டில் அந்தப் பொருள், கண்ணெதிரே அந்தப் பொருள். இந்த நாலும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பார்ப்பதுதான் தணிக்கை. பத்தாம் வகுப்புப் படித்த அம்மா ஒருவர் ஒரு மதியத்தில் கற்றுக்கொள்ளக்கூடியது.

இந்த வேலைக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய பெயர் இருக்கிறது. பேரையூரை அடுத்த தே. கல்லுப்பட்டியில் 1940-ல் தொடங்கிய காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தன் கடைசிக் காலத்தைக் கழித்தவர் ஜே.சி. குமரப்பா. லண்டனில் கணக்கியல் படித்த தணிக்கையாளர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இந்தியாவின் பொதுநிதியும் வறுமையும் பற்றி ஆய்வு செய்தவர். 1934 பீகார் பூகம்பத்தின்போது நிவாரண நிதியின் கணக்கு அவர் பொறுப்பில் இருந்தது. தொண்டர்களின் சாப்பாட்டுக்கு நாளொன்றுக்கு இத்தனை அணா என்று கறாராக வரம்பு வைத்திருந்தார். காந்தி தன் பரிவாரத்தோடு அங்கே வந்தபோது, அந்தப் பரிவாரச் செலவை நிவாரண நிதியில் எழுத முடியாது என்று சொல்லிவிட்டார். காந்திக்கும் குமரப்பாவுக்கும் இடையே அதனால் கசப்பு எதுவும் வரவில்லை. கணக்குக் கேட்பதும் அன்பும் ஒரே இடத்தில் இருக்க முடியும் என்பதற்கு இந்த வட்டாரத்துக்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை.

தலைமையாசிரியர்களின் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பள்ளிக்கு வரும் மானியங்களைப் பின்தொடர்ந்த ஆய்வுகள் நாடு முழுக்கக் கண்டது, பணம் ஆண்டின் பிற்பாதியில்தான் வந்து சேர்கிறது என்பதை. ஜூனில் பள்ளி திறக்கும். சாக்பீஸும் துடைப்பமும் அன்றைக்கே வேண்டும். பல தலைமையாசிரியர்கள் கைக்காசைப் போட்டு வாங்கிவிட்டுப் பிறகு எடுத்துக்கொள்கிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஏதோ தில்லுமுல்லு போலத் தோன்றும். 2024-25-ல் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தின் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்று ஒன்றிய அரசு தமிழ்நாட்டுக்கான ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி நிதி 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தது. 2025-ல் மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தில்லிக்கும் சென்னைக்கும் நடந்த அந்த இழுபறி, ஏதோ ஒரு பள்ளியின் ரொக்கப் பதிவேட்டில் ஒரு வெற்று வரியாகத்தான் வந்து நிற்கும். பணம் எந்தத் தேதியில் வந்தது என்பதும் குழுவுக்குத் தெரிந்தால், தலைமையாசிரியர் மேல் வீண்பழி விழாது. கணக்கைத் திறந்து வைப்பதில் அதிகப் பாதுகாப்பு அவருக்குத்தான்.

பணத்தைவிடப் பெரிய முடிவுகளும் உண்டு. பேரையூர் வட்டத்தில் பெருங்காமநல்லூர் இருக்கிறது. 1920 ஏப்ரல் 3 அன்று குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்து நின்ற கள்ளர் சமூக மக்கள் மீது போலீஸ் சுட்டதில் மாயக்காள் உட்பட 16 பேர் இறந்த ஊர். அந்தக் காலத்தில் வேர்விட்டவைதான் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள். மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்று ஏறத்தாழ முந்நூறு. 2023-24 நிதிநிலை அறிக்கையில், வெவ்வேறு துறைகள் நடத்தும் பள்ளிகளையெல்லாம் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவருவதாக அரசு அறிவித்தபோது இந்தப் பகுதியில் எதிர்ப்பு கிளம்பியது. நிர்வாகம் சீராகும், ஆசிரியர் நியமனம் எளிதாகும் என்பது அரசின் வாதம். எங்கள் முன்னோர் அனுபவித்த கொடுமையின் விலையாகக் கிடைத்த பள்ளிகள், எங்களைக் கேட்காமல் எப்படி மாற்றலாம் என்பது மக்களின் கேள்வி. இரண்டு பக்கத்திலும் பொருள் இருக்கிறது. எனக்கு உறுத்துவது, இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்குக் கையெழுத்துப் போட அழைக்கப்படும் பெற்றோர் குழுவுக்கு இப்படி ஒரு முடிவில் கருத்துச் சொல்ல ஓர் ஓரத்து இடம்கூட இல்லை என்பது.

இருக்கிற இடத்தையாவது அகலப்படுத்தலாம். குழுக் கூட்டம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பிற்பகலில் நடக்கிறது. பருத்தி எடுக்கப் போனவரும் நூறு நாள் வேலைக்குப் போனவரும் அன்றைய கூலியை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். பாதி உறுப்பினர் பெண்கள் என்று சட்டம் சொல்லிவிட்டு, அவர்கள் வர முடியாத நேரத்தில் கூட்டம் போடுவது முறையில்லை. ஒதுக்கிய தொகை, வந்த தேதி, செலவு, மீதி என்ற நாலு வரியைப் பள்ளி வாசலில் எழுதிப் போட எந்த அரசாணைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. எழுதவில்லை என்றால் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். முப்பது நாளில் பதில் வர வேண்டும். நகல் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். ஜாவாவின் பாடத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: ஊர் தனியாகக் கேட்டால் பாதி வழிதான் போகும். மேலேயிருந்து ஒரு தணிக்கை கட்டாயம் வரும் என்று எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வட்டாரக் கல்வி அலுவலர் வந்தால் கொத்தனார் அப்பாவின் கேள்வி எழுதியிருக்கும் பக்கத்தைத்தான் முதலில் புரட்டிப் பார்க்க வேண்டும்.

சட்டத்தின் 22-ஆம் பிரிவு குழுவுக்கு இன்னொரு வேலையும் கொடுத்திருக்கிறது. அடுத்த மூன்று ஆண்டுகளுக்குப் பள்ளிக்கு என்னென்ன வேண்டும் என்று பெற்றோரே வகுக்கும் பள்ளி வளர்ச்சித் திட்டம். செலவான பிறகு பில்லைப் பார்ப்பதைவிட, செலவுக்கு முன்னாலேயே எது வேண்டும் என்று சொல்வது பெரிய அதிகாரம். நிதியாண்டு முடிய மூன்று மாதம் இருக்கும்போதே, அதாவது டிசம்பருக்குள், அது தயாராக வேண்டும். கழிவறையா, சுற்றுச்சுவரா, இன்னொரு வகுப்பறையா என்று பேரையூர்ப் பக்கத்துப் பெற்றோர் பேசி முடிக்க நவம்பரில் இரண்டு சாயந்தரங்களாவது வேண்டும்.